கை இறங்கும்வரை

என் கணவர் ஆங்கில ஆசிரியர். கொட்டாஞ்சேனையில் ஓர் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டிலிருந்து காலி வீதிக்கு நடந்து, பஸ் பிடித்து, புறக்கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறித்தான் போய்ச் சேருவார். வீட்டுக்குக் கிட்டவே நல்ல பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டன. போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பிப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். எனக்கு அதில் பெருமை இருந்ததென்று சொன்னால் பொய். அவர் வந்து சேரும்போது தேத்தண்ணீரை இரண்டாம் முறை சூடாக்க வேண்டியிருக்கும். அந்த எரிச்சல்தான் இருந்தது.

அவர் பெயரெடுத்தது ஒரேயொரு பாடத்தால். இரண்டு வசனங்களை ஒன்றாக்கும் சின்னச் சொற்கள்: அன்ட், பட், ஓர், ஸோ, பிறகு ஃபோர், நோர், யெட். கடைசி மூன்றும் பெருநாளைக்குப் போடுகிற சட்டை, மற்ற நாலும் அன்றாடம் உடுக்கிறவை என்பார். புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிகிற இந்தப் பாடத்தை அவர் ஒரு தவணை முழுக்க இழுப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கை. 'அன்ட்' என்றால் இரண்டு சுட்டுவிரல்களையும் கொளுவிக் காட்டுவார். 'ஓர்' என்றால் உள்ளங்கைகளைத் தராசுபோல் ஏற்றி இறக்குவார். 'ஸோ' என்றால் கதவைத் தள்ளுவார். 'பட்' வந்தால் ஒரு உள்ளங்கையை நேரே உயர்த்துவார், சந்தியில் வாகனம் மறிக்கிற பொலிஸ்காரன் மாதிரி.

அந்தக் கை உயர்ந்தால் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அவர் மிச்சத்தைச் சொல்லும்வரை, அல்லது கையை இறக்கி "இனி நீங்கள் முடியுங்கோ" என்று பார்க்கும்வரை, பெடியன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டு இடையில் முடித்தவன் வாங்குப் பலகையில் ஏறி நிற்பான். 'பட்'டுக்கு முன்னால் வருவது மரியாதை, பின்னால் வருவதுதான் மனிதன் சொல்ல வந்தது, அதைக் கேட்கப் பொறுமை இல்லாதவனுக்கு எந்தப் பாஷையும் வராது என்பது அவருடைய கட்சி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமென்றால், மனுசன் வீட்டிலும் விடவில்லை. "உம்மட தம்பி நல்லவர்தான், பட்" என்று கையை உயர்த்திவிட்டு, சாவகாசமாக ஒரு மிடறு தேத்தண்ணீர் குடிப்பார். நான் அடுப்பில் கறியை விட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். "நான் என்ன உங்கட எட்டாம் வகுப்பே?" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். சிரிப்பார். கை இறங்காது.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் வரிசைகள் வீதி வீதியாகக் கிடந்த காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் முகம் கழுவப் போனவர் குளியலறை வாசலில் சரிந்துவிட்டார். எங்கள் ஒழுங்கையில் நின்ற ஓட்டோக்களில் ஒன்றிலும் எண்ணெய் இல்லை. ஒருவன் தன்னுடைய சொட்டு மிச்சத்தில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான், ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. உயிர் இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சிங்களப் பிள்ளை வந்தாள். இளம் பெண், நல்ல பொறுமை. படங்களைக் காட்டினாள். கோப்பை, பூட்டின் திறப்பு, வாழைப்பழம், கடைசியில் என்னையும் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்தார். வாயைக் கோணிக்கொண்டு முயன்றார். வந்தது, "அன்ட்."

"பய வென்ன எப்பா, ஆன்ட்டி," என்றாள் அவள், பயப்பட வேண்டாமென்று. சிலருக்குப் பொருட்களின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் போய்விடுமாம். சின்னச் சொற்கள் மட்டும் தங்கிவிடுமாம். எதனால் என்று அவளும் சரியாகச் சொல்லவில்லை. மிச்சம் திரும்பி வருமா என்று கேட்டேன். என் தோளைத் தொட்டாள். அதிலிருந்து எனக்கு விளங்கிவிட்டது.

ஆக, அவரிடம் மிஞ்சியது அவருடைய பாடம். தமிழ் போய்விட்டது. என் பெயர், மகனின் பெயர், தன்னுடைய பெயர், தண்ணீர், பசி, நோவு எல்லாம் போய்விட்டன. அன்ட், ஸோ, பட். இந்த மூன்றோடும் ஒரு இடது கையோடும் அவர் வீட்டுக்கு வந்தார். சேர்த்துக் கட்டக் கயிறு இருந்தது, கட்டுவதற்கு ஒன்றுமில்லை. கடவுள் இவ்வளவு குரூரமாக யோசிப்பாரென்று நான் அதற்கு முன் நம்பியதில்லை.

ஆனால் அந்த மூன்றையும் வைத்து அவர் கதைத்தார். அதை நான்தான் அறிவேன். 'அன்ட்' என்றால் இன்னும் வேண்டும், அல்லது பக்கத்தில் இரு. 'ஸோ' என்றால் சரி, நடக்கட்டும். 'பட்' என்று இடது கையை உயர்த்தினால் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. என்னவென்று நான் தேடிப் பிடிக்க வேண்டும். மின்விசிறியா, வெளிச்சமா, கீழே கடற்கரைப் பக்கம் ரயில் போகிற சத்தமா? சில நாட்களில் பிடிப்பேன். பல நாட்களில் பிடிக்கமாட்டேன். அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, உடுப்பு மாற்றி, கரைத்த சோறு ஊட்டி முடிய என் இடுப்பும் நாரியும் விட்டுப்போகும். லிஃப்ட் பழுதான நாட்களில் மருந்து வாங்கப் படி இறங்கி ஏறுவதற்குள் முழங்கால் தீப்பற்றும். நான் ஒரு தேவதையுமில்லை. அவருடைய காதுபடவே "என்னையும் கொண்டுபோகட்டும்" என்று திட்டியிருக்கிறேன்.

மகன் டொரொண்டோவிலிருந்து வந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் சூட்கேஸில் சொக்கிளேற்றையும் முடிவுகளையும் சேர்த்தே அடுக்கிக்கொண்டு வருவார்கள். அவன் கெட்டவனில்லை. முதல் நாளே என் முழங்காலைப் பார்த்து அழுதவன். முடிவு இதுதான்: பிளாட்டை விற்பது, அப்பாவை ஹெந்தளைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் விடுவது, என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவது.

"அம்மா, உங்களுக்கும் ஏலாமல் போச்சு. நீங்களும் விழுந்தா ஆர் பாக்கிறது? நான் அங்கையிருந்து என்ன செய்ய?" என்றான்.

"அப்பாவைக் கேட்டனியோ?"

"அப்பாவுக்கு ஒண்டும் விளங்காதம்மா."

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தது அவருடைய கட்டில் காலடியில். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வழக்கம். நோயாளிக்கு ஒன்றும் சொல்லக்கூடாது, மனம் உடைந்துவிடும் என்று மூடி மறைப்போம். பிறகு அவருடைய தலைக்கு மேலாலேயே எல்லாவற்றையும் கதைப்போம். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண் இமைத்தது.

ஹெந்தளைக்கு நானும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. துப்புரவு, கடல் காற்று, முகம் கோணாத கன்னியாஸ்திரிகள். வரிசையாகக் கட்டில்கள். ஒரு கிழவர் வாசல் பக்கம் பார்த்து ஏதோ முனகிக்கொண்டிருந்தார். பணிப்பெண் ஒருத்தி சிரித்து, அவருடைய போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். முனகல் நிற்கவில்லை. இவருடைய கை இங்கே உயர்ந்தால் அதையும் போர்வைக்குள் மடித்து வைத்துவிடுவார்கள். அன்போடுதான் வைப்பார்கள். அது கதைக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வாகனத்தில் திரும்பி வரும்போது களனிப் பாலத்தில் அதை மகனுக்குச் சொன்னேன். "அம்மா, அது பேச்சில்லை, ஒரு பழக்கம்," என்றான்.

பிளாட் அவருடைய பெயரில் இருந்தது. விற்கிற அதிகாரத்தை மகனுக்குக் கொடுப்பதென்றால் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசு வீட்டுக்கு வந்து, வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டு, பெருவிரல் அடையாளம் எடுக்க வேண்டும். இந்த நிலையில் இருக்கிறவரிடம் எடுக்க மாட்டோமென்று இரண்டொருவர் கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் மகனுக்கு ஒரு யோசனை வந்தது. புதுக்கடையில் நொத்தாரிசாக இருக்கும் ஒருவர் அப்பாவிடம் கொட்டாஞ்சேனையில் படித்தவர். "அப்பாவின்ர ஸ்டூடன்ட். எங்களுக்குக் கரைச்சல் தரமாட்டார்," என்றான். தெரிந்த ஆளைப் பிடித்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்புகிற சாதிதானே நாங்கள்.

பிறகு இரண்டு நாள் பாடம் நடந்தது. மகன் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "அப்பா, யெஸ் சொல்லுங்கோ. யெஸ்," என்று படிப்பித்தான்.

"அன்ட்," என்றார் அவர்.

"அன்ட் இல்லையப்பா. யெஸ். யெ... ஸ்."

அவர் மகனின் வாயையே பார்த்தார். கொட்டாஞ்சேனையில் எத்தனை வாய்களைத் திருத்திய மனுசன். எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. பல்கனிக்குப் போய், உலர்ந்திருந்த உடுப்புகளைத் திரும்பவும் உதறி உதறிப் போட்டேன். கடைசியில் தலையாட்டினால் போதும் என்று மகன் முடிவுக்கு வந்தான். தலையாட்டினார். மகனுக்கு அவ்வளவு சந்தோஷம், தகப்பனின் நெற்றியில் கொஞ்சினான்.

நொத்தாரிசு சாட்சிக்குத் தன்னுடைய கிளாக்மார் இருவரோடு வந்தார். நரைத்த மீசை, பெரிய உடம்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் இருக்கச் சொல்லும்வரை இருக்கவில்லை. "சேர், என்னை ஞாபகம் இருக்கா? சேர்ட்ட ஒவ்வொரு நாளும் வாங்கில ஏறி நின்டவன்," என்றார். இவர் அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்ட்," என்றார். நொத்தாரிசு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பத்திரத்தை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தித் தமிழில் வாசித்தார். ஹெந்தளையைப் பற்றி அதில் இல்லை. அதையும் சொல்லுங்கோ என்று நான்தான் குறுக்கே சொன்னேன். மகன் என்னை முறைத்தான். நொத்தாரிசு ஒரு கணம் நின்று, "சேர், வீட்டை வித்துட்டு, உங்களை ஹெந்தளையில ஒரு ஹோம்ல வச்சிப் பாக்கிறதா யோசிக்கிறாங்க. அன்ரி மகனோட போறாங்க. உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். பத்து மாதத்தில் அந்த வீட்டில் அவரை நேரே பார்த்து ஒருவர் அவருடைய சம்மதத்தைக் கேட்டது அன்றுதான்.

அவர் தலையாட்டினார்.

மகன் பெருமூச்சு விட்டான். ஒரு கிளாக் மைப்பெட்டியைத் திறந்தார். மற்றவர் பத்திரத்தைக் கட்டிலில் விரித்தார். நொத்தாரிசு இவருடைய இடது கையைப் பெருவிரலுக்காக மெல்ல எடுத்தார். அந்தக் கை அவருடைய பிடியிலிருந்து கழன்று, உள்ளங்கை விரிந்து, நேரே உயர்ந்தது.

"பட்," என்றார்.

நொத்தாரிசு நிமிர்ந்தார். வாய் மூடியது. இரண்டு கைகளும் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அந்தப் பெரிய உடம்பு எட்டாம் வகுப்புப் பெடியனாக நின்றது.

"அது ஒண்டுமில்லை, எல்லாத்துக்கும் அப்பிடித்தான் சொல்லுவார்," என்றான் மகன்.

நொத்தாரிசு திரும்பாமலே "ஷ்" என்றார். கிளாக்மார் அசையவில்லை. கீழே ஒரு ரயில் வந்து கடந்து போனது. இவருடைய வாய் வேலை செய்தது. உதடுகள் எதையோ பிடிக்கப் போய்ப் போய் வெறுமையாகத் திரும்பின. கழுத்து நரம்பு புடைத்தது. "பட்... அன்ட்... பட்..." கை இறங்கவில்லை. என் வாய்க்குள் அந்த மிச்சம் முட்டிக்கொண்டு நின்றது: என்னை இங்கே விடுங்கோ, இவளோடு விடுங்கோ. ஆனால் அது அவர் சொல்ல வந்ததா, நான் கேட்க விரும்பியதா? நான் வாய் திறக்கவில்லை. அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் களைத்து, கை மெத்தையில் விழுந்தது.

நொத்தாரிசு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மைப்பெட்டியை மூடச் சொன்னார்.

"தலையாட்டினவர்தானே, அங்கிள்?" மகனின் குரல் கெஞ்சியது.

"சேர் இன்னும் முடிக்கலியே, தம்பி. அவர் முடிக்காம நான் எப்படி அடையாளம் எடுக்கிறது?" என்றார். போகும்போது இவருடைய இடது கையைத் தன்னுடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

மகன் கோபத்தோடு திரும்பிப் போனான். வெகுநாள் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி இல்லை. நான் வென்றுவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். அன்று பின்னேரமே அவருடைய படுக்கையைத் துடைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். ஹெந்தளையில் இதைச் செய்ய நாலு பேர் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்தி.

மகன் சொன்னதும் பொய்யில்லை. கை எல்லாவற்றுக்கும் உயர்ந்ததுதான். மாத்திரைக்கு, சவரத்துக்கு, சில நாள் ஒன்றுமில்லாத சுவருக்கும் உயர்ந்தது. அன்றைக்கு மையைக் கண்டு விரல் ஊத்தையாகிவிடும் என்றுகூட உயர்த்தியிருக்கலாம். நான் பக்கத்தில் இருந்து அவருடைய வசனத்தை முடிக்கப் பார்ப்பேன். "பட் ஜன்னலைச் சாத்தவோ? பட் காலைத் திருப்பிவிடவோ? பட் அவன் பாவம் எண்டு சொல்லுறியளோ?" எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலை அசையும். ஆத்திரம் தலைக்கேறும். "பட் என்ன? சொல்லித் துலையுங்கோவன்!" என்று கத்துவேன். அவர் என்னைப் பார்ப்பார். வகுப்பில் தப்பான விடை சொன்ன பெடியனைப் பார்ப்பதுபோல, கோபமில்லாமல், இன்னொரு தரம் முயன்று பார் என்பதுபோல. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடிந்ததில்லை.

அவர் போனது ஒரு மத்தியானம். சோறு ஊட்டி, வாய் துடைத்து, கோப்பை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். மெத்தையில் சும்மா கிடந்தது. கை இறங்கினால் மிச்சத்தை மற்றவர் முடிக்கலாம் என்பது அவருடைய சட்டம். எனக்கு மிச்சம் தெரியாது.

கனத்தைச் சுடலையில் எரித்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து நரைத்த பெடியன்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மகன் வந்து கொள்ளி வைத்தான், என்னைக் கட்டிப் பிடித்து அழுதான், நான் அவனை மன்னிக்க ஒன்றுமிருக்கவில்லை. பிளாட்டை அவர் சுகமாக இருந்த காலத்திலேயே மரண சாசனத்தில் எனக்கென்று எழுதி வைத்திருந்தார். நீதிமன்ற வேலைகள் இழுபட்டு முடிந்தன. வாங்க ஆள் வந்தது. கனடாவுக்கு என்னுடைய விசாவும் வந்தது.

விற்பனை உறுதி எழுத அதே நொத்தாரிசு வந்தார். கட்டில் கிடந்த இடத்தில் இப்போது என்னுடைய சூட்கேஸ்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முழுவதையும் ஆறுதலாக வாசித்தார். மகன் டொரொண்டோவிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, உங்களுக்குச் சம்மதமா?"

"ஓம்," என்றேன்.

அவர் பேனையை நீட்டவில்லை. பேனை பிடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடி, என்னுடைய கையைப் பார்த்தபடி நின்றார். போனில் மகன், "என்ன, லைன் கட்டாயிட்டுதோ?" என்று கேட்டான். நான் எனக்குள் ஒரு 'பட்'டைத் தேடிப் பார்த்தேன். அவர் இல்லை, அன்ட் வீடு வெறும் வீடு, அன்ட் முழங்கால் ஏலாது, அன்ட் பிள்ளை கூப்பிடுகிறான். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நொத்தாரிசு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"பேனையைத் தாங்கோ, தம்பி," என்றேன்.